மண் சுமந்த திருத்தொண்டு

திருக்கோயில் ஒன்றுக்குக் குடமுழுக்கு நிகழவேண்டுமாயின் பொருள் வேண்டும். கல்லும் மரமும் சுதையும் வேண்டும். அவற்றை வகையறிந்து அமைக்கும் தபதியர் வேண்டும். ஆகமம் வல்ல ஆசாரியர்கள் வேண்டும். இவையனைத்தும் திருப்பணிக் கணக்கேட்டில் முறையாக ஏறுவன. கணக்கேட்டில் ஏறாத பகுதி ஒன்றும் உண்டு. யாகசாலைக்கு மண் சுமந்தவர், விமானத்தின் மீதேறிப் புல்லும் பூண்டும் களைந்தவர், மடைப்பள்ளியில் விடியுமுன் எழுந்து காய் நறுக்கியவர், அன்னம் உண்டோர் இலையை எடுத்து இடத்தைத் துலக்கியவர் ஆகிய இவர்களுக்குக் கூலி இல்லை; பெயர் பொறித்த கல்லும் இல்லை. இவர்கள் செய்யும் பணியைச் சைவப் பெருமக்கள் கைத்திருத்தொண்டு என்றனர். வைணவப் பெருமக்கள் கைங்கரியம் என்றனர். பொருளுதவி செய்தோரின் வரலாற்றைக் கல்வெட்டுகள் விரிவாக உரைக்கின்றன. உடலுதவி செய்தோரின் வரலாற்றையும் அறிந்து போற்றுதல் குடமுழுக்குக் காலத்தில் நம் கடமையாகும்.

கொடையும் உழைப்பும்

கி.பி. 1010-ஆம் ஆண்டை ஒட்டித் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்த முதலாம் இராசராச சோழன், தான் அளித்தவற்றையும், தன் தமக்கை குந்தவையார் அளித்தவற்றையும், தன் தேவியர் அளித்தவற்றையும், ஏனையோர் அளித்தவற்றையும் வேறுபாடின்றி விமானக் கல்லிலேயே வெட்டுவித்தான். அரசன் பெயர் நின்ற கல்லிலேயே பிறர் பெயரும் நின்றது. கொடையை மதிக்கும் பண்புக்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது. ஒரு நந்தாவிளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் அளிப்பதும், அவற்றைப் பெற்றவர் நாள்தோறும் உழக்கு நெய் அளப்பதும் அக்கால வழக்கு. ஆடுகள் ஈன்று பெருகி எண்ணிக்கை குறையாது நிற்கும் என்ற கருத்தால் அவற்றைச் சாவா மூவாப் பேராடுகள் என்றனர்.

ஞாயிறும் திங்களும் உள்ளவரை எரிக என்று கல்லில் வெட்டிய விளக்குகளுள் எத்தனையோ அணைந்துவிட்டன. கல் இருக்கின்றது, எழுத்து இருக்கின்றது, கொடுத்தவர் மனமும் குறையற்றதாகவே இருந்தது. ஆயினும் ஆட்டைக் காப்பாரும், நெய்யைக் கேட்டு வாங்குவாரும், திரியைத் தூண்டுவாரும் இல்லாதொழிந்த நாளில் விளக்கு அணைந்தது. கொடை என்பது வித்து. அதனை நாள்தோறும் நீர் விட்டு வளர்ப்பது கைத்தொண்டு. இவ்விரண்டும் ஒன்றையொன்று பற்றி நின்ற ஊர்களிலேயே திருக்கோயில்கள் பொலிவுடன் நிலைத்தன.

இனி ஒரு வினா எழுகின்றது. கூலியின்றிச் செய்யும் வேலையெல்லாம் தொண்டாகுமா? ஆகாது என்பதைக் கல்வெட்டுகளே காட்டுகின்றன. சோழர் காலத்து வரிப் பெயர்களுள் 'வெட்டி' என்ற ஒன்று அடிக்கடி வருகின்றது. ஊரார் கூலியின்றிச் செய்யக் கடமைப்பட்ட உழைப்பே வெட்டி எனப்பட்டது. வெட்டிக்கும் கூலியில்லை, தொண்டுக்கும் கூலியில்லை. புறத்தே நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். இருவர் தலையிலும் இருப்பது மண்கூடையே. ஆயினும் ஒருவர் தலையில் அதனை ஏற்றி வைத்தது ஆணை. மற்றவர் தலையில் ஏற்றி வைத்தது அன்பு. இந்த வேறுபாட்டை நினைவிற்கொண்டு நோக்கினால் அடியார் வரலாறுகள் புதுப்பொருள் தரும்.

உழவாரப்படை ஏந்திய அரசர்

கைத்திருத்தொண்டுக்கு இலக்கணமாய் விளங்கியவர் கி.பி. ஏழாம் நூற்றாண்டினராகிய திருநாவுக்கரசர். சொல்லுக்கு அரசர் என்று பெயர் பெற்ற அப்பெருமான் கையில் ஏந்தியது செங்கோலன்று. புல் செதுக்கும் உழவாரப்படை. தலந்தோறும் சென்று பதிகம் பாடிய அவர், அத்தலங்களின் திருமுற்றத்தையும் தம் கையால் துப்புரவு செய்தார். நாவால் செய்யும் தொண்டு நிரம்பிய பின்னும் கையால் செய்யும் தொண்டை அவர் விட்டாரில்லை.

திருப்புகலூரில் அவர் உழவாரப்பணி செய்துவந்த இடத்தில் பொன்னும் மணியும் தோன்றிக் கிடந்தன என்று சேக்கிழார் உரைக்கின்றார். அரசர் அவற்றையும் பருக்கைக் கல்லையும் ஒன்றாகவே கண்டார். உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்துவிட்டு மேற்கொண்ட பணியைத் தொடர்ந்தார். பொன்னை இகழ்ந்தார் என்று இதற்குப் பொருள் கொள்ளல் வேண்டா. அந்த நேரத்தில் அடியார் நடக்கும் முற்றத்தில் காலை உறுத்தும் எதுவும் அவருக்குக் களையத்தக்கதே ஆயிற்று.

திருவீழிமிழலை நிகழ்ச்சி இதனினும் நுட்பமானது. நாட்டில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்த காலத்தில், அடியார்க்கு அமுது படைக்கும் பொருட்டுத் திருஞானசம்பந்தருக்கும் திருநாவுக்கரசருக்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு காசு அருளினான். சம்பந்தர் பெற்ற காசை மாற்றும்போது வட்டம் கழிக்கவேண்டியிருந்தது; அரசர் பெற்ற காசோ வட்டமின்றிச் செலாவணி ஆயிற்று. அதற்குச் சேக்கிழார் காட்டும் காரணம், சம்பந்தர் மகன்மை உரிமையால் பெற்றார் என்பதும், அரசர் கைத்தொண்டு புரியும் அடிமைத் திறத்தால் பெற்றார் என்பதுமாம். உழைத்தவன் கைக்காசுக்குக் குறை சொல்ல இடமில்லை என்ற உலகியல் உண்மையையே அடியார் வரலாற்றில் வைத்துக் காட்டினார் அப்புலவர்.

குளம் தோண்டிய இருவர்

பெரியபுராணத்தில் குளம் தோண்டிய அடியார் இருவர் வருகின்றனர். ஒருவர் திருவாரூர்த் தண்டியடிகள். பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். கமலாலயத் திருக்குளம் தூர்ந்து பரப்புக் குறைந்திருத்தலை அறிந்த அவர், குளத்துள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவியவாறே சென்று மண்ணை வெட்டிச் சுமந்து கொட்டினார். தம்மால் இயலாது என்று சொல்லி விலகிக்கொள்ள உலகில் எவர்க்கேனும் உரிமை இருந்திருக்குமாயின், அவ்வுரிமை தண்டியடிகட்கு இருந்தது. அவர் அதனைக் கேட்கவில்லை. கயிறு ஒன்று போதும் என்றார்.

மற்றவர் திருநாளைப்போவார் எனப்படும் நந்தனார். சிவாலயங்களின் முரசுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளித்துவந்தவர். அவர் தந்த தோலில் எழுந்த முழக்கம் கருவறை வரை கேட்டது. அவரோ வாயிலுக்கு வெளியே நின்றார். திருப்புன்கூரில் இறைவன் நந்தியை விலகச் செய்து அவர்க்குக் காட்சி அளித்தான் என்ற செய்தியை அறியாதார் இல்லை. அதனை அடுத்து வரும் செய்தியைப் பலர் மறந்துவிடுகின்றனர். காட்சி பெற்ற நந்தனார் உடனே ஊர் திரும்பவில்லை. அங்கே பள்ளமாய்க் கிடந்த ஓரிடத்தைக் கண்டு, அதனைக் குளமாகத் தோண்டிய பின்னரே சென்றார். தம்மை உள்ளே விடாத ஊருக்கு அவர் நீர்நிலை ஒன்றை அளித்துச் சென்றார்.

இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் நெஞ்சு நெகிழ்கின்றது. உடன் நாணமும் எழுகின்றது. கோயிற் சுவருக்கு மண் சுமந்து, தேர்வடம் பிடித்து, ஏரிக்கரை காத்த எத்தனையோ குடியினர், தாம் எழுப்பிய மதிலுக்குள் நுழைய இயலாதவராய்த் தலைமுறை தலைமுறையாக வெளியே நின்றனர். அவர்கள் உழைப்பில் பெரும்பகுதி தொண்டாக ஏற்கப்படவில்லை, வெட்டியாகவே வாங்கப்பட்டது. 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசமும், அவ்வாண்டிலும் 1947-ஆம் ஆண்டிலும் சென்னை மாகாணத்தில் வந்த சட்டங்களும் அவ்வாயிலைத் திறந்தன. உழைப்பை மட்டும் ஏற்று உழைத்தவரை ஏற்காத ஊரில் தொண்டு என்ற சொல் நிறைவு பெறாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடம்.

வந்தியின் ஆள்

வெட்டிக்கும் தொண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இறைவனே வந்து உணர்த்திய திருவிளையாடல், மதுரையில் பிட்டுக்கு மண் சுமந்தது. வையை பெருகிக் கரை உடைந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தத்தம் பங்குக் கரையை அடைக்கவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் முதியவளுக்குக் கணவனும் இல்லை, மக்களும் இல்லை. ஆணை மட்டும் அவள் வாயிலையும் தேடி வந்தது. ஆளுக்கு அவள் எங்கே போவாள்?

சொக்கநாதப் பெருமான் கூலியாள் வடிவில் கூடை சுமந்து வந்தான். உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பேசி உண்டான், ஆடினான், பாடினான், மரநிழலில் உறங்கினான். வந்தியின் பங்கு மட்டும் அடைபடாது கிடத்தலைக் கண்ட பாண்டியன் பிரம்பால் அவன் முதுகில் அடித்தான். அந்த அடி அரசன் முதுகிலும், அரசி முதுகிலும், உலகத்து உயிர்கள் அனைத்தின் மீதும் பட்டது. கூலியாள் ஒரு கூடை மண்ணைக் கொட்டி மறைந்தான், கரை அடைபட்டது.

இத்திருவிளையாடல் மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் நடத்திக் காட்டப்பெறுகின்றது. விழாவைக் காண்போர் பிட்டின் சுவையையும் பிரம்படியின் வியப்பையும் நினைவிற் கொள்வர். ஊன்றி நோக்கின் இதில் பொது வாழ்வுக்குரிய அறம் ஒன்று அமைந்திருக்கின்றது. கரை அடைபடவேண்டியது ஊருக்கு நன்மையே. அரசன் ஆணை தவறானதன்று. ஆயினும் ஆளில்லாத வீட்டின் நிலையை அவ்வாணை எண்ணிப் பார்க்கவில்லை. அந்தக் குறையை நிரப்பவே இறைவன் வந்தான். ஆளில்லாத வீட்டுக்கு ஆளாய் நிற்பதே தொண்டின் முதற்பொருள்.

திருமலையில் ஒரு கடப்பாரை

வைணவ வரலாற்றில் இதற்கு இணையான செய்தி ஒன்று உண்டு. திருமலையில் தங்கி எம்பெருமானுக்குப் பூமாலைக் கைங்கரியம் செய்வார் யார் என்று இராமாநுசர் வினவியபோது, முன்வந்தவர் அனந்தாழ்வான். அவர் திருமலையில் நந்தவனம் அமைத்து, அதற்கு நீர் வேண்டி ஏரி ஒன்று வெட்டலானார். அவர் வெட்ட, கருவுற்றிருந்த மனைவியார் மண்ணைச் சுமந்தார். சிறுவன் ஒருவன் வந்து அம்மையாரின் கூடையை வாங்கிச் சுமந்தான். ஆசாரியன் இட்ட பணியில் பிறர் பங்கு கொள்வதைப் பொறாத அனந்தாழ்வான் கடப்பாரையை வீச, அது சிறுவனின் மோவாயில் பட்டது. பின்னர்த் திருவேங்கடமுடையான் மோவாயில் குருதி கண்டபோதுதான் வந்தவன் யாரென்பது விளங்கிற்று. அந்நிகழ்ச்சியின் நினைவாக எம்பெருமானின் மோவாயில் பச்சைக் கருப்பூரம் சாத்தும் வழக்கமும், மகாத்துவாரத்தில் கடப்பாரை ஒன்றைக் காட்டும் வழக்கமும் உள்ளன.

மதுரையில் முதுகிலும் திருமலையில் மோவாயிலும் அடி வாங்கினான் இறைவன். இரண்டிடத்தும் அவன் சுமக்க வந்தது மண்ணே. முதியவள் ஒருத்திக்காகவும், கருவுற்ற பெண் ஒருத்திக்காகவும் வந்தான். சமயம் வேறாயினும் அடியார் உள்ளம் கண்ட உண்மை ஒன்றே. இன்னொரு செய்தியும் அனந்தாழ்வான் வரலாற்றில் கருதத்தக்கது. தொண்டில் ஊன்றியவர்க்கும், இது என் பணி, பிறர் தொடலாகாது என்ற எண்ணம் வந்துவிடுதல் கூடும். அந்த எண்ணம் எறிந்த கடப்பாரை யார் மீது பட்டது என்பதைத் தொண்டு செய்வோர் மறத்தலாகாது.

ஏரியும் ஊரும்

புராணச் செய்திகளிலிருந்து கல்வெட்டுக்கு வருவோமாயின், பொதுப்பணியை ஊரார் முறைப்படுத்திக்கொண்ட திறத்தை உத்தரமேரூரில் காண்கின்றோம். முதலாம் பராந்தகன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பெற்ற கல்வெட்டுகள், சம்வற்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்குக் குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்த முறையைக் கூறுகின்றன. முப்பது குடும்புகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டோர் முந்நூற்றறுபது நாள் பணி செய்து விலகவேண்டும். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர். சொந்த மனையும் வரி செலுத்தும் நிலமும் கல்வியும் உடையாரையே ஏற்ற அந்த அந்தணர் ஊரில் எல்லாக் குடியினர்க்கும் இடமிருந்ததென்று கொள்ள இயலாது. ஆயினும் பொதுப்பணி ஏற்றவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்ற நெறி ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே கல்லேறியது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஏரியும் வாய்க்காலும் ஊரார் உழைப்பாலேயே காக்கப்பட்டன. பிற்காலத்தில் இதனைக் குடிமராமத்து என்றனர். கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வண்டலை வாரி, கரையை உயர்த்தி, மடையைச் சீர்செய்வர். ஊருக்கும் ஏரிக்கும் இருந்த பிணைப்புத் தளர்ந்த காலத்தில் ஆங்கிலேய அரசு 1858-ஆம் ஆண்டின் முதற் சட்டத்தால் அவ்வுழைப்பைக் கட்டாயமாக்கிற்று. வாராதவர்க்குத் தண்டமும் விதித்தது. அதன் பின்னரும் குடிமராமத்துத் தேய்ந்துகொண்டே சென்றது. மனம் ஒட்டியிருந்த நாளில் தானே நடந்த வேலையைச் சட்டம் இழுத்தும் நடத்த இயலவில்லை. தொண்டாக இருந்ததை வெட்டியாக மாற்றியபோது ஏரியும் தூர்ந்தது. 2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே திட்டம் ஒன்றைத் தொடங்கியமை, அப்பெயரில் ஊரார்க்கு இன்னும் பற்று உண்டு என்பதைக் காட்டும்.

அணையா அடுப்பு

உடலுழைப்புடன் ஒட்டிப் பிறந்தது பசிப்பிணி தீர்த்தல். திங்களூரில் அப்பூதியடிகள் தாம் கண்டறியாத திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்தார்; வழிநடப்போர் அருந்திய நீரில் தம் பெயரைக் கலக்கவில்லை. அந்த மரபில் வந்தவர் வடலூர் வள்ளலார். 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் அவர் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அவ்வூரார் சுமார் எண்பது காணி நிலத்தை அதற்கென அளித்தனர். அன்று ஏற்றிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிந்து வருகின்றது. அரிசியும் விறகும் கொணர்ந்தவர் எண்ணிலர். உலை வைத்தவரும் பரிமாறியவரும் எண்ணிலர். நந்தாவிளக்குகள் பல அணைந்த நாட்டில் ஓர் அடுப்பு அணையாதிருப்பது, கொடையும் கையும் பிரியாது நின்றதன் பயனாகும்.

ஈழத்திலும் இந்நெறி தழைத்தது. 1848-ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், 1877-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளின் பசி தீர்த்தார். ஏட்டுச்சுவடிகளை ஆராய்ந்து அச்சேற்றிய பேரறிஞர் கஞ்சி வார்க்கும் பணியை இழிவாக எண்ணவில்லை. காஞ்சி காமகோடி பீடத்துச் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் வற்புறுத்திய பிடியரிசித் திட்டமும் இத்தகையதே. உலையில் இடுமுன் நாள்தோறும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்தல் எளிய குடும்பத்துக்கும் இயலும். செல்வர் ஒருவர் ஒரு நாளில் அளிக்கும் மூட்டையினும், நூறு வீடுகள் நாள்தோறும் அளிக்கும் பிடி ஊரை ஒன்றாகப் பிணைக்கும்.

குடமுழுக்குக்கு மறுநாள்

குடமுழுக்கன்று ஊரே திரள்கின்றது. கலசத்தில் நீர் பொழியும் வேளையில் கைகூப்பாதார் இல்லை. மறுநாள் பந்தல் பிரிக்கப்படும். விருந்தினர் ஊர் திரும்புவர். அடுத்த குடமுழுக்குக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் உள்ளன. பறவை எச்சத்தில் வந்த அரசம் வித்தும் ஆலம் வித்தும் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் காத்திருப்பதில்லை. விரல் அளவாக இருக்கும்போது ஒரு கையால் பிடுங்கி எறியத்தக்க செடி, வேர் ஓடிக் கல்லைப் பிளந்த பின்னர்ப் பல இலக்கம் செலவிட்டாலும் எளிதில் அகலாது. மாதம் ஒரு நாள் பத்து அன்பர்கள் கூடினால் அந்தச் செலவு நேராது.

அன்புடன் அறிவும் வேண்டும். துலக்குகின்றோம் என்று மணலை வேகமாகப் பீச்சியடித்ததனால் சிற்பங்களின் முகக்களையும் கல்வெட்டு எழுத்துகளும் பல கோயில்களில் தேய்ந்து போயின. சுண்ணமும் வண்ணமும் பூசி எழுத்தை மறைத்ததும் உண்டு. கல்வெட்டுள்ள சுவரில் ஆணியடித்தலும், அமிலமிட்டுத் துலக்குதலும், கற்பூரம் ஏற்றுதலும் தொண்டாகா. கல்வெட்டும் சிற்பமும் வல்லாரைக் கேட்டறிந்து செய்வதே நன்று. திருக்குளத்துக்கு நீர் வரும் கால் அடைபட்டிருப்பின் அதனைத் திறத்தலும், நந்தவனத்தில் அருச்சனைக்குரிய பூமரம் வைத்தலும், தேரோடும் நாளில் முட்டுக்கட்டை இடுவாரிடம் அத்தொழிலை இளைஞர் பயிலுதலும், பிள்ளைகட்குத் திருமுறையும் திவ்வியப் பிரபந்தமும் கற்பித்தலும் ஓசையின்றி நிகழவேண்டிய பணிகள்.

திருமதிலோடு இத்தொண்டு நின்றுவிடலாகாது. மக்கள் வெளியூர் சென்றுவிட, விளக்கு வைக்கவும் துணையின்றி முதியோர் தனித்திருக்கும் வீடுகள் இன்று ஊர்தோறும் உள்ளன. மருந்து வாங்கி வர ஓர் ஆள் இல்லை; மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஓர் ஆள் இல்லை; பேசிக்கொண்டிருக்கவும் ஓர் ஆள் இல்லை. அவ்வீடுகள் யாவும் வந்தியின் வீடுகளே. திருக்கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் அத்தகைய வாயில்கள் எவை என்று அறிந்து, முறை வைத்துக்கொண்டு நாளும் ஒருவர் சென்று வருவாராயின், சொக்கநாதன் சுமந்த கூடையில் ஒரு பிடி மண் அவர்க்கும் உரியதாகும். கூலி கேட்கலாமா எனின், கேட்கலாம். உதிர்ந்த பிட்டு அங்கே கிடைக்கும்.

கொடுத்தவர் குடி வாழ்க; சுமந்தவர் குடியும் வாழ்க. இக்குடமுழுக்கில் ஏற்றிய விளக்குத் தூண்டுவார் கையின்றி ஒருநாளும் மங்காதிருக்கத் திருவருள் துணை நிற்பதாக.